மூன்று மில்லிமீட்டர்

பாஸ்கா காலம் 5ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
திப 6:1-7, 1 பேது 2:4-9, யோவா 14:1-12



முதல் வாசகத்தில் ஒரு முணுமுணுப்பைக் கேட்டோம். எருசலேமில் நம்பிக்கை கொண்டவர்கள் அன்றாடம் உணவைப் பகிர்ந்து உண்டார்கள். அந்தப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப்போனார்கள். யாரோ வேண்டுமென்றே அவர்களைத் தள்ளிவைத்ததாக லூக்கா எழுதவில்லை. சீடர்களின் எண்ணிக்கை பெருகிவந்த நாள்களில் இது நடந்தது என்றுதான் எழுதுகிறார். நல்லது ஒன்று வளர்ந்தது. வளர்ந்த வேகத்தில் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. குற்றவாளி என்று யாரையும் காட்ட முடியாத அநீதி இது. அதனாலேயே இதைச் சரிசெய்வது கடினம்.

இந்தப் பகுதி எனக்குப் புரிந்தது சக்கரம் கட்டும்போதுதான். மலைச் சைக்கிளுக்குச் சக்கரம் கட்டுவது எனக்கு மிகவும் பிடித்த கைவேலை. பங்கு இல்லத் திண்ணையில் ரிம்மும் போக்ஸ் கம்பியுமாக நான் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாமியாருக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களும் உண்டு. இத்தாலியில், கோமோ ஏரிக்கு மேலே, கிசல்லோ குன்றின் உச்சியில் அன்னை மரியாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. திருத்தந்தை 12ஆம் பயஸ் 1949இல் அந்தக் கிசல்லோ மாதாவை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். வீரர்கள் காணிக்கையாகக் கொடுத்த சைக்கிள்கள் அந்த ஆலயச் சுவர்களில் தொங்குகின்றன. 1995இல் பிரான்சின் பெரும் பந்தயத்தில், மலை இறக்கத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ கசார்தெல்லியின் நசுங்கிய சைக்கிளும் அங்கேதான் இருக்கிறது. சக்கரத்தின்மேல் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிக் கோயிலுக்குள் பேசலாம்.

மலைச் சைக்கிளின் கதை பெரும்பாலும் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்திலிருந்து தொடங்கும். 1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகில் செங்குத்தான மண்பாதை ஒன்றில் இளைஞர்கள் சிலர் முதல் இறக்கப் பந்தயம் நடத்தினார்கள். கனமான பழைய சைக்கிள்கள், தடித்த டயர்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் ஹப்பிலிருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், மறுபடியும் அடைக்க வேண்டும். ரீபேக் என்ற பெயர் அந்தப் பாதைக்கு அப்படித்தான் வந்தது. அந்தச் சைக்கிள்களில் பின்பக்கம் ஒரே ஒரு பல்சக்கரம். நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய சைக்கிளைப் போலவே. கம்பிகளின் இழுவிசை இருபுறமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது.

இறங்கியவர்களுக்கு ஏறவும் ஆசை வந்தது. கேரி ஃபிஷர் போன்றவர்கள் கியர் மாட்டினார்கள். ஒரு பல்சக்கரம் இருந்த இடத்தில் ஐந்து வந்தது, பிறகு ஏழு, எட்டு, இன்றைக்குப் பன்னிரண்டு. அத்தனையும் பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் உட்காருகின்றன. அவற்றுக்கு இடம் விடுவதற்காக, கம்பி கோக்கும் ஹப்பின் வலத் தட்டு உள்ளே, நடுவை நோக்கி, நகர வேண்டியதாயிற்று. ரிம் நகர முடியாது. அது சட்டகத்தின் நடுவில்தான் ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நேராகப் போகாது. ஆக, இடக் கம்பிகள் நன்றாகச் சாய்ந்து நின்று சொகுசாக இழுக்கின்றன. வலக் கம்பிகளோ ஏறத்தாழச் செங்குத்தாக நின்றுகொண்டு, அதே ரிம்மை நடுவில் பிடிக்கப் படாதபாடு படுகின்றன.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து இடத் தட்டு 35 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, வலத் தட்டு 20 மில்லிமீட்டர்தான் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரத்தில் 32 கம்பிகள், பக்கத்துக்குப் பதினாறு. வலக் கம்பி ஒவ்வொன்றையும் 120 கிலோ இழுவிசைக்கு முறுக்குகிறோம். பல ரிம்கள் தாங்கும் உச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்போது இடக் கம்பியில் எவ்வளவு இருக்கும்? இருபதை முப்பத்தைந்தால் வகுக்க வேண்டும். நூற்றுக்கு 57 பங்கு, அதாவது ஏறக்குறைய 69 கிலோ. கட்டுகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த விகிதத்தை மாற்ற முடியாது.

மாற்ற முயன்றால் என்ன ஆகும்? இடப்பக்கம் தளர்வாக இருக்கிறதே என்று, கம்பிகளை ரிம்மில் முறுக்கிப் பிடிக்கும் நிப்பிள்களை இடப்பக்கம் இறுக்கினால் ரிம் இடப்பக்கம் ஓடிவிடும். அதை நடுவுக்கு மீட்க வலப்பக்கத்தை இன்னும் முறுக்க வேண்டும். ஏற்கெனவே உச்சத்தில் நிற்பவற்றின் மேல் இன்னும் பாரம். இறுதியில் அதே 57 பங்குக்கே வந்து நிற்போம், வலப்பக்கம் மட்டும் முறிவதற்கு இன்னும் நெருங்கியிருக்கும்.

பங்கின் ஆண்டுக் கூட்டங்களில் நாம் செய்துவருவது இதைத்தான். வேலை செய்யாதவர்களைப் பார்த்து, நீங்களும் முன்வாருங்கள் என்று மேடையிலிருந்து உரத்துச் சொல்கிறோம். ஒரு மாதம் ஏதோ அசைகிறது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு அதைச் சமாளிக்க யாரைக் கூப்பிடுகிறோம்? ஏற்கெனவே பீடத்துணி துவைத்து, மறைக்கல்வி எடுத்து, சாவு வீட்டுக்கும் முதலில் போய் நிற்கும் அதே நாலைந்து பெண்களைத்தான். அவர்கள் மறுப்பதில்லை. மறுக்காததாலேயே அவர்கள்மேல் முறுக்கு ஏறிக்கொண்டே போகிறது.

சிரமப்படுவது இறுகிய பக்கம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் சக்கரம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்பதை ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் வெளிவந்த தம் நூலில் தெளிவாக விளக்கினார். நாம் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலேயுள்ள கம்பிகளின் இழுவிசை குறைகிறது. முறுக்கி வைத்த இழுவிசையிலிருந்து கொஞ்சத்தை இழப்பதன் மூலமே அவை நம்மைச் சுமக்கின்றன. சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு கம்பியும் தன் முறை வரும்போது இழக்கிறது, மறுபடி பெறுகிறது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத கம்பியால் சுமக்க முடியாது. கல்லில் மோதும்போது 120 கிலோ இழுவிசை உள்ள கம்பி தாக்குப்பிடிக்கும். தளர்ந்த கம்பி சூனியத்துக்கே போய்த் தொங்கும். தொங்கும் நேரத்தில் அதன் நிப்பிள் அதிர்வில் தானாகக் கழன்று சுற்றும். இன்னும் தளரும். இறுகியும் தொங்கியும் மாறிமாறி ஆடிய கம்பி, ஹப்போடு சேரும் வளைவில் களைத்து முறிந்துவிடும். எந்தப் பாரமும் தரப்படாததால் பாழாகும் கம்பிகளும் உண்டு.

நம் பங்கில் அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கோயில் வாசலிலேயே நின்றுவிட்டுப் போகும் இளைஞர்கள். பணி ஓய்வு பெற்ற பிறகு யாரும் எதற்கும் அழைக்காத பெரியவர்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களில் இருந்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, நற்கருணை வாங்கியதும் புறப்பட்டுவிடும் குடும்பங்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அந்தக் குடும்பங்களிடம் நாம் எந்தப் பொறுப்பையும் தராததற்குச் சாதிதான் காரணம். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் ஆர்வத்தை இறுகப் பிடிக்கும்படியான இடத்தில் நாம் அவர்களைப் பூட்டியதே இல்லை.

சரி, சக்கரம் கட்டுகிறவர்கள் என்ன செய்தார்கள்? ஹப்பை அகலப்படுத்தினார்கள். 135 மில்லிமீட்டர், பிறகு 142, பிறகு 148. 148இல் இரண்டு தட்டுகளும் வெளிப்பக்கம் மும்மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டன. சக்கரம் மொத்தத்தில் உறுதிப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் நம் எடுத்துக்காட்டில் விகிதத்தைப் பாருங்கள். இடது 38, வலது 23. 57 பங்கு 61 ஆனது, அவ்வளவுதான். இரு பக்கத்துக்கும் சரிசமமாகக் கொடுத்ததில் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய அப்படியே நின்றது. மேலும், அந்த ஹப்பைப் பூட்டச் சட்டகமே புதிதாக வேண்டும்.

வேறு ஒரு வழியும் உண்டு, அது இன்னும் பழையது. ரீபேக் காலத்திலிருந்தே சட்டகம் செய்துவந்த டாம் ரிட்சியின் நிறுவனம் 1990களிலேயே துளைகள் நடுவை விட்டு விலகிய ரிம்களை விற்றது. ரிம் வழக்கம்போல நடுவில் ஓடும். டயரும் நடுவில் ஓடும். ரிம்மில் உள்ள நிப்பிள் துளைகள் மட்டும் நடுக்கோட்டை விட்டு இடப்பக்கமாக மூன்று மில்லிமீட்டர் விலகியிருக்கும். வலக் கம்பி இப்போது 20க்குப் பதில் 23 மில்லிமீட்டர் சாய்ந்து நிற்கலாம். இடக் கம்பியின் சாய்வு 35இலிருந்து 32 ஆகக் குறைகிறது. 23ஐ 32ஆல் வகுத்துப் பாருங்கள். 57 பங்காக இருந்தது 72 ஆகிவிட்டது. வலக் கம்பி அதே 120இல் நிற்கும்போது இடக் கம்பி 69இலிருந்து 86 கிலோவுக்கு ஏறுகிறது. ஹப் அதே ஹப், சட்டகம் அதே சட்டகம். யாரையும் திட்டவில்லை, ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும் பக்கத்தைக் கூடுதலாக முறுக்கவும் இல்லை. மூன்று மில்லிமீட்டர் என்பது ஓர் அரிசியின் பாதி நீளம்.

இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் திருத்தூதர் பணிகள் நூலைத் திறந்து அந்த ஏழு வசனங்களையும் மறுபடி வாசித்தேன். பன்னிருவருக்கும் முன்னால் இரண்டு எளிய வழிகள் இருந்தன. முணுமுணுத்தவர்களை அடக்கியிருக்கலாம். அல்லது தாங்களே பந்திக்கு வந்து இன்னும் ஓடியாடி வேலை செய்திருக்கலாம். இரண்டாவது வழி எவ்வளவு தாழ்ச்சியானது போலத் தோன்றுகிறது! ஆனால் இறைவார்த்தையை விட்டுவிட்டுப் பந்தியில் நிற்பது தங்களுக்குத் தகாது என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஏற்கெனவே இறுகியிருக்கும் பக்கத்தை மேலும் முறுக்க அவர்கள் ஒப்பவில்லை. எல்லாரையும் கூட்டினார்கள். நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். மக்கள் எழுவரைத் தேர்ந்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதனால், விடுபட்டுப்போன பக்கத்திலிருந்தே இவர்கள் வந்தார்கள் என்று விவிலிய அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நிக்கொலாவோ பிறப்பால் யூதர்கூட அல்ல, அந்தியோக்கியாவிலிருந்து வந்து யூத மறையைத் தழுவியவர். புகார் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக்கே பொறுப்பைக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள்.

அதற்காக நம்பிக்கையின் நடு அசைந்துவிட்டதா? இல்லை. திருத்தூதர்களின் போதனை அங்கேயே நின்றது, அப்பம் பிட்குதல் அங்கேயே நின்றது. அசைந்தது, பொறுப்புகளைப் பூட்டிய இடம். திருஅவையில் ஏதாவது மாற வேண்டும் என்று யாராவது பேசினாலே பதறுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகத்தின் கடைசி வரியில் லூக்கா ஒரு செய்தி தருகிறார்: இறைவார்த்தை பரவியது, எருசலேமில் குருக்களும் பெருந்திரளாக நம்பிக்கை கொண்டார்கள். ஒரு குருவாக அந்த வரியைக் கடக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது. விடுபட்ட கைம்பெண்களுக்குச் சோறு சரியாகக் கிடைத்த பிறகுதான் குருக்கள் வந்தார்கள்.

ஒன்றில் கவனம் வேண்டும். துளை விலகிய ரிம்மைத் திருப்பிப் போட்டுக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? துளைகள் வலப்பக்கம் வந்துவிடும். இடது 38, வலது 17. விகிதம் 57இலிருந்து 45க்கு விழும். எதைக் குணப்படுத்த வாங்கினோமோ அதையே அது கெடுத்துவிடும். முன்சக்கரத்துக்கோ நேர்மாறான கணக்கு. அங்கே கியர் இல்லை, டிஸ்க் பிரேக் தகடு இடப்பக்கம் இருக்கிறது, உள்ளே ஒதுங்குவது இடத் தட்டு. ஆகவே துளைகள் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஒரே ரிம்மைத்தான் பின்னால் ஒருமாதிரியும் முன்னால் திருப்பியும் போடுகிறோம். எந்தப் பக்கம் சிரமப்படுகிறது என்று முதலில் பார்க்காமல் கோக்க ஆரம்பிக்கக் கூடாது.

நம் திருவிழா வரியை இங்கே சொல்லியாக வேண்டும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை போடுகிறோம். பாகுபாடு இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் நம் பெரியவர்கள் அதை ஏற்படுத்தினார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டுக்கும், செங்கல் சூளையில் கணவனும் மனைவியும் கூலிக்குப் போகும் வீட்டுக்கும் ஒரே தொகை என்றால், ரிம் திரும்பிக் கிடக்கிறது. வரி கட்ட முடியாமல் திருவிழா நாள்களில் தலைகாட்டாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. தேர் அவர்கள் தெருவுக்குப் போகிறதா என்ற கேள்வியைக் கேட்கவே எனக்கு வேதனையாக இருக்கிறது.

நற்செய்தியில் ஆண்டவர் தம் சீடர்களிடம், தந்தையின் வீட்டில் பலருக்கும் இடம் இருக்கிறது, அந்த இடத்தை ஒழுங்குசெய்யத் தாமே போகிறார் என்கிறார். எந்த இரவில் இதைச் சொன்னார்? அதே இரவில்தான் பந்தியிலிருந்து எழுந்தார், துண்டைக் கட்டிக்கொண்டார், தரையில் குனிந்து அவர்கள் காலைக் கழுவினார். ஆண்டவரும் போதகருமாக இருப்பதை அவர் விட்டுவிடவில்லை. தலைமை இடத்திலிருந்து விலகி, கால்கள் இருக்கும் இடத்துக்குப் போனார். பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் இதைத்தான் நினைவூட்டுகிறார்: கடவுளின் நிலையில் இருந்தவர் அதைப் பற்றிக்கொண்டு நிற்காமல் நம் பக்கம் இறங்கினார். துளை விலகிய ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது ஒரு பக்கம் கோணலாகத்தான் இருக்கும். கம்பிகளின் கோணலைக் குறைப்பதற்காக அது தன்மேல் ஏற்றுக்கொண்ட கோணல் அது. நகர வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு ஆண்டவர் அந்த இரவில் பதில் சொல்லிவிட்டார். பலம் உள்ளவரே நகர வேண்டும், இடம் கொடுக்க முடிந்தவரே நகர வேண்டும். பங்கில் அது முதலில் நான்தான், அடுத்து பங்குப் பேரவை.

வீடுகளிலும் இது நடக்கலாம். படுக்கையில் கிடக்கும் அம்மாவை ஒரு மகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் பார்க்கிறாள். அண்ணன்மார் பணம் அனுப்புகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஆண்டில் ஒரு மாதம் அம்மா அண்ணன் வீட்டில் இருக்கலாமே. அல்லது அண்ணன் ஒரு மாதம் இங்கே வந்து, இரவில் எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கலாமே. தங்கைக்கு அந்த ஒரு மாதம் தூக்கம் கிடைக்கும். அண்ணனுக்கு அம்மா கிடைப்பார்.

72 என்பது 100 அல்ல என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு நல்ல ரிம்மைப் போட்டாலும் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட அதிகமாகத்தான் சுமக்கும். கியர் இருக்கும் வரை அப்படித்தான். எழுவரை நியமித்ததோடு எருசலேமின் துன்பங்களும் தீர்ந்துவிடவில்லை. அடுத்த அதிகாரம் முடிவதற்குள் ஸ்தேவானைக் கல்லால் எறிந்து கொன்றார்கள். கம்பியைத் தட்டி அதன் ஓசையை வைத்து இழுவிசையைச் சோதிக்கும்போது, வலதை வலதோடும் இடதை இடதோடும்தான் ஒப்பிட வேண்டும். ஆகவே, அதிகம் சுமக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே, அவர் செய்யவில்லையே, இவர் செய்யவில்லையே என்று பார்த்து மனம் கசந்துபோகாதீர்கள். உங்கள் சுமையைக் குறைப்பது எங்கள் கடமை. அதை நாங்கள் செய்யாமல் இருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள், முணுமுணுங்கள். முதல் திருஅவையில் அந்த முணுமுணுப்பிலிருந்துதான் எழுவரும் வந்தார்கள்.

சில ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். பங்குப் பேரவைக் கூட்டம் இதுவரை ஞாயிறு இரவு 8 மணிக்கு நடந்துவந்தது. சமையல் முடியாத வீட்டுப் பெண்களும், மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களும் அதற்கு வர முடிவதில்லை. இனி அது ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பள்ளிக்கூட அறையில் நடக்கும். அந்த நேரத்தில் குழந்தைகளை இளைஞர் இயக்கத்தினர் பார்த்துக்கொள்வார்கள். வாசக மேடை படிகளுக்கு மேலே இருப்பதால் சக்கர நாற்காலியில் வரும் நம் சகோதரர் இதுவரை வாசகம் வாசித்ததில்லை. வரும் வாரம் மேடையைக் கீழே, மக்களின் தரைக்கு இறக்குகிறோம். தூய ஆவி ஞாயிறன்று முதல் வாசகத்தை அவர் வாசிப்பார். பேரவையில் இன்னும் நான்கு இடங்கள் இருக்கின்றன. அந்த நான்கு பேரையும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து அன்பியங்கள் தங்களுக்குள் கூடித் தேர்ந்தெடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். பெயர்களை நானும் சொல்ல மாட்டேன், பேரவையும் சொல்லாது. அவர்கள் வந்து அமர்ந்த பிறகு, அவர்களும் கூட இருக்க, திருவிழா வரியைப் பற்றியும் தேர் போகும் தெருக்களைப் பற்றியும் முடிவெடுப்போம்.

இப்போது நம் நம்பிக்கையை அறிக்கையிட எழுந்து நிற்போம்.